தொடைக்கு மின்தூண்டல்: நான் வீட்டில் செய்யும் விதம்

எனக்கு அடிபட்டது மார்புப் பகுதியின் 5ஆவது முள்ளெலும்புக்கு நேரே. நெஞ்சுக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, காலை அசைக்கவும் முடியாது. ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வீல்சேரில் உட்கார்ந்திருக்கும்போதே என் முட்டி நீண்டு பாதம் மேலே எழுவதைப் பார்க்கிறேன். தூக்குவது நான் இல்லை, மடியில் இருந்து மின்சாரம் அனுப்பும் சின்னப் பெட்டி.

இது எல்லோருக்கும் வேலை செய்யாது. மின்சாரம் தட்டி எழுப்புவது தசையை அல்ல, தசைக்குப் போகும் நரம்பை. தண்டுவடத்திலிருந்து தசைவரை வரும் அந்த நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். கால் அவ்வப்போது தானாக வெட்டி இழுக்கிறதா? தொல்லைதான், ஆனால் இந்த விஷயத்தில் நல்ல அறிகுறி. தண்டுவடத்தின் அடிநுனிக்குக் கீழே அடிபட்டு, கால் துவண்டே கிடந்தால் பெரும்பாலும் பலன் இருக்காது. பேஸ்மேக்கர், கர்ப்பம், கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு இருந்தால் வேண்டாம். எலும்பு அடர்த்தியைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். வருஷக்கணக்காக நிற்காத காலின் எலும்பு வலுவிழந்திருக்கும்; பலமான இழுப்பே அதை ஒடித்துவிடலாம். ஆரம்பத்தில் பிசியோ பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது பேட், அதாவது பெட்டியின் கரண்டைத் தோல் வழியே இறக்கும் ஒட்டுப்பட்டை. தொடையின் முன்பக்கம், மேலே சற்று வெளிப்புறமாக ஒன்று. முட்டிச்சில்லுக்கு நாலு விரல் மேலே, சற்று உள்பக்கமாக இன்னொன்று. தோலைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும், எண்ணெயோ கிரீமோ கூடாது. ஒருமுறை பழைய பேட் ஒன்றின் ஓரம் கிளம்பியிருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். ஒட்டியிருந்த கொஞ்ச இடத்திலேயே மொத்தக் கரண்டும் இறங்கி, காசு அளவுக்குக் கொப்புளம். வலித்தால்தானே தெரியும்! ஆற மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து தோல் செய்ய வேண்டிய வேலையைக் கண்தான் செய்கிறது: போடும் முன் ஒரு பார்வை, எடுத்த பின் ஒரு பார்வை. லேசான சிவப்பு சீக்கிரம் மறைந்துவிடும். மறையவில்லையா, அந்த இடத்துக்கு விடுமுறை.

பிரேக்கைப் பூட்டி, பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கால் எழும்போது உடம்பு சரியும். என் பெட்டியில் பிசியோ வைத்துக் கொடுத்தது 35 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 35 மின்துடிப்பு), ஒவ்வொரு துடிப்பும் 300 மைக்ரோவிநாடி. 5 விநாடி இழுப்பு, 10 விநாடி ஓய்வு. கரண்ட் சட்டென்று ஏறாமல் 2 விநாடியில் மெல்ல ஏற வேண்டும், இல்லாவிட்டால் கால் உதறிவிடும். மில்லிஆம்பியரைப் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். முதலில் தசை துடிக்கும், அப்புறம் திரளும், அப்புறம்தான் பாதம் எழும். எழுந்துவிட்டதா, அதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திடீரென்று தலை விண்விண்ணென்று வலித்து, முகம் சிவந்து, நெற்றி வியர்த்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். பெட்டியை அணைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான உடையைத் தளர்த்திவிட்டு, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

“இதைச் செய்தால் நடப்பாயா?” என்று கேட்பார்கள். மாட்டேன். தசை வற்றாமல் இருக்கிறது, கால் கொஞ்சம் திரண்டிருக்கிறது, அதற்குத்தான் இது. 2011 முதல் செய்திகளில் வருகிற, தண்டுவடத்தின் மேலுறை மீது பதிக்கும் கருவி வேறு வகை. அது தசையைத் தானே இழுப்பதில்லை. தண்டுவடத்தை விழிப்பாக வைத்து, மூளையிலிருந்து கசிந்து வரும் கட்டளையும் எட்டும்படி செய்கிறது. அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான பயிற்சியும் வேண்டும்.

எவ்வளவு நேரம் செய்வது? உடம்பு தானாக அசையும்போது தசை இழைகள் முறை வைத்து வேலை செய்யும். மின்சாரம் ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவதால் சீக்கிரம் களைத்துவிடும். ஆரம்பத்தில் எனக்கு 10 நிமிடம்கூடத் தாங்கவில்லை. எதிர்ச் சுவரில், பாதம் எழும் உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கட்டைவிரல் அதில் பாதிதான் எட்டுகிறது என்றால், கரண்டைக் கூட்டிப் பார்க்காமல் அன்றைய கடையைச் சாத்திவிடுவேன்.