32 பிட் கணினியை மூட்டை கட்டும் முன்

விண்டோஸுக்கு மாற்றாகப் போடும் லினக்ஸில் ஒரு வகை டெபியன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, அமைப்பின் மையக் கருவான கெர்னலும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. கீழக்கரை டிராவல்ஸ், தொண்டி ஜெராக்ஸ் கடை, ராமேஸ்வரம் லாட்ஜ் என்று பழைய டப்பா ஓடும் இடத்திலெல்லாம் அதைத் தூக்கிப் போடுவதா என்ற யோசனை. அவசரம் வேண்டாம். பல கணினிகளில் 32 பிட்டாக இருப்பது உள்ளே போட்ட விண்டோஸ்தான், பிராசஸர் அல்ல.

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் ‘சிஸ்டம் டைப்’ வரியைப் படியுங்கள். ‘32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்’ என்று வந்தால் 64 பிட் லினக்ஸ் ஏறும். கோர் 2 டுவோ எல்லாம் இந்த ரகம். ஆட்டம் என்270 நெட்புக், 2006-இன் கோர் டுவோ இரண்டும் நிஜமாகவே 32 பிட். அவற்றில் டெபியன் 12 இருந்தால் 13-க்கு ஏற்றாதீர்கள். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு பில் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு, இருப்பதன் மேலேயே ஏற்றும் வழி விண்டோஸில் இல்லை. புதிதாகத்தான் போட வேண்டும். 4 ஜிபி ராமும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டு எஸ்எஸ்டியில் போடுவதுதான் நல்லது; ஏதாவது விட்டுப்போனால் திரும்பிப் போக வழி இருக்கும்.

விட்டுப்போவது பெரும்பாலும் எழுத்துருதான். பாமினி, வானவில்லில் அடித்த பழைய மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, பிரிண்டும் எடுத்துப் பார்த்த பிறகே மாறுங்கள். கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸில் கொஞ்சம் தலைவலி: கேனானின் டிரைவர் 32 பிட் லைப்ரரிகளை, அதாவது துணைக் கோப்புகளை, கேட்கும். டெபியன் 13-இலும் அந்த லைப்ரரிகள் கிடைக்கின்றன, போனது கெர்னல்தான்.

வாலிநோக்கம் உப்பளப் பக்கத்து எடைமேடை மாதிரி சீரியல் கேபிளில் ஓடும் இடங்களில் பழைய அமைப்பை அழிப்பதற்கு முன் காம் போர்ட் எண், பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பாரிட்டி (பிழை சரிபார்ப்பு முறை) மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி மாற்றி மாட்டினால் காம் எண் மாறும். மென்பொருள் காம் 1-ஐயே தேடிக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றிவிடலாம். இந்த மாற்றி கேபிள்களில் இருக்கும் பிஎல்2303 சிப்பின் பழைய எச்எக்ஸ்ஏ ரகத்துக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் ஆதரவு இல்லை. கேபிள் கெட்டுப்போகவில்லை, லினக்ஸில் அதே கேபிள் வேலை செய்யும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எஃப்டிடிஐ சிப் கேபிள் வாங்குங்கள்.

புது அமைப்பு பாதியில் நின்றால் உடனே அதைத் திட்டாதீர்கள், கடல்காற்றையும் சந்தேகப்படுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் உப்பு படிந்து ஈரம் பிடித்து ராம் காலில் பச்சை பூத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று முழுதாக ஓடட்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்தால் தேதி பின்னால் போய் பிரவுசரில் சான்றிதழ் பிழை வரும். அதோடு பயோஸில் டிஸ்க்குக்கான சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ முறையிலிருந்து பழைய ஐடிஇ முறைக்குத் திரும்பினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும்.

கழற்றிய டிஸ்க்கை மூன்று மாதம் ஈரம் படாமல் கட்டி வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது முழுதாக அழித்துவிட்டே போடுங்கள். ஜெராக்ஸ் கடை டிஸ்க் என்றால் ஊரார் ஆதார் ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கும்.