குழந்தை பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா? இன்றே பாருங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிறவி இதயக் கோளாறுக்கான அறுவை சிகிச்சை, காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்துவது எல்லாம் இதில் அடக்கம்.

பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். யார் யார் குடும்பத்தினர் என்பதை ரேஷன் கார்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். குழந்தை பிறந்து இரண்டு வருடமாகியும் அதில் பெயர் சேர்க்காத வீடுகள் நிறைய. நெஞ்சுவலியால் துடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாளில், கார்டில் பெயர் சேர்க்க அலையும் வேலை அந்தத் தாய்க்கு வேண்டவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததுமே இ-சேவை மையத்தில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு 25 வயதாகும் வரை, அல்லது வேலையோ திருமணமோ ஆகும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை இது பொருந்தும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அவர்களிடமும் சொல்லுங்கள்.

சாதாரண காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் பார்ப்பதற்கு இது உதவாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனையில் மட்டுமே செல்லும். தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. எது பக்கத்தில் என்று கேட்க, கட்டணமில்லா எண் 1800 425 3993.