கண்மாய்ல மீன் புடிக்கப் போறீங்களா, இதையும் பாத்துட்டுப் போங்க

தூண்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி கண்மாய் குத்தகைக்குப் போயிருக்கான்னு ஊர்ல கேட்டுக்குங்க, குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டு வளர்த்த மீனை நாம புடிச்சா அது திருட்டுதான். வெடி, விஷம் போட்டுப் புடிக்கறது 1897 மீன்வளச் சட்டத்துலயே குற்றம். கரண்ட் விட்டுப் புடிக்கறவங்க பக்கத்துலயே போகாதீங்க, உயிருக்கே ஆபத்து.

புதுத்தண்ணி வர்றப்போ சினைக் கெண்டை வயிறு உப்பிப்போய் வாய்க்கால்ல எதிர்த்து ஏறும், கையாலயே அள்ளலாம், ஆனா அதை விட்டுடணும்.

விரால்ல இன்னும் கவனம் வேணும்: செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் தண்ணி கொதிக்கற மாதிரி மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போகும், கீழயே தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும், அங்க தவளையைக் கோத்துப் போட்டா வெறியா வந்து கவ்வும், சுலபம்னு நெறைய பேர் அப்படித்தான் புடிக்கறாங்க, காவல் போச்சுன்னா குஞ்சையெல்லாம் மத்த மீன் தின்னுடும். தயவுசெஞ்சு வேணாம்.

ஜிலேபி கிடைச்சா யோசிக்காம எடுங்க, அது நம்ம ஊர் மீனே இல்ல. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினா திரும்பத் தண்ணில விடவே விடாதீங்க, நாட்டுல வளர்க்கவே தடை போட்ட மீன், மத்த மீனை காலி பண்ணிடும்.

எடுக்கற மீனைக் கரையில துடிக்க விடாதீங்க, தலையில கட்டையால பலமா ஒரு அடி போதும். விடற மீனை ஈரக்கையால புடிச்சு முள்ளைக் கழட்டுங்க, காஞ்ச கை பட்டா மேல இருக்கற வழவழப்பு போயிடும். சாக்கடை, ஆலைக்கழிவு கலக்கற தண்ணியா இருந்தா சமைக்கப் புடிக்கவே வேணாம்.