பழைய தோட்டத்து வீட்ட அளந்து பதிவு பண்ணணுமா, மாடு கட்டற கட்டுத்தரைல இருந்து ஆரம்பிங்க

காங்கேயம், தாராபுரம், பல்லடம் சுத்துப்பட்டுல நூறு நூத்தம்பது வருஷத்து தோட்டத்து வீடுக இன்னும் அங்கங்க நின்னுட்டுதான் இருக்குது. இடிக்கலாமா ரிப்பேர் பண்ணலாமான்னு பங்காளிக பேசி முடிக்கறதுக்குள்ள ஐப்பசி மழைக்கு ஒரு பக்கம் உக்காந்துரும். அதுக்கு முன்னாடி அளந்து, படம் வரைஞ்சு, போட்டோ எடுத்து வெச்சுக்கணும்னு நெனைக்கறவங்களுக்காக இத எழுதறேன். நான் ஆர்க்கிடெக்ட் எல்லாம் இல்லீங்க, எங்க அப்பாரு காலத்துக்கும் முந்தின வீடு ஒண்ணு இருந்துச்சு, அத அளக்கப்போயி தப்பு பண்ணி கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

என்ன தப்புன்னா, எல்லாரையும் மாதிரி நானும் சாவிய வாங்கிட்டு நேரா வீட்டுக்குள்ள போயிட்டேன். தொட்டிக்கட்டு முற்றம், ஆசாரக் கூடம், திண்ணை, தூண்ல இருக்கற பூ வேலைப்பாடுன்னு ரெண்டு நாள் பூரா உள்ளயே ஓடிருச்சு. வெளிய இருக்கற கட்டுத்தரை, சோளத்தட்ட அடுக்கி தட்டுப்போர் போடற எடம், ஆட்டுப்பட்டி எல்லாம் அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னு விட்டேன். அடுத்த வாட்டி போறதுக்குள்ள ஒரு விசேஷத்துக்கு கார் நிறுத்த எடம் வேணும்னு கட்டுத்தரைய ஜேசிபி வெச்சு நெரவிட்டாங்க. வீட்டு பிளான் கைல இருக்குது, ஆனா பின்வாசல் ஏன் அவ்ளோ அகலம், வடக்குச் சுவர் ஏன் அந்த எடத்துல வளையுது, ஒண்ணுமே புரியல. மாடு போன வழி அழிஞ்சப்புறம் வீட்டுக்கு அர்த்தமே இல்லாம போயிருச்சு. அதனால சொல்றேன், வீட்ட கடைசில அளங்க. ஓடு போட்ட வீடு இன்னும் பத்து வருஷம் தாங்கும், ஓலைச்சாளையும் மண்சுவர் கொட்டாயும் அப்படித் தாங்காது.

எப்போ போறதுன்னா தை மாசி சரியான நேரம். அறுப்பு முடிஞ்சு புல்லு காஞ்சிருக்கும், காலைல ஏழு மணி சாய்ஞ்ச வெயில்ல தரைல புதைஞ்சு கெடக்கற அஸ்திவாரக் கோடு கூட நெழலா தெரியும், அதே எடத்துல மத்தியானம் நின்னா ஒண்ணும் தெரியாது. இன்னொரு தடவை மழைக்குள்ள போங்க, தண்ணி எங்க ஓடுது எங்க தேங்குதுன்னு பாக்கறதுக்கு. தேவையானது பெருசா ஒண்ணுமில்ல, 30 மீட்டர் டேப், 5 மீட்டர் டேப், கிராஃப் பேப்பர், டார்ச், கூட ஒரு ஆளு. பாம்பு இருக்கும், தடி கொண்டு போங்க.

மொதல்ல இட்டேரில நின்னு ஆரம்பிங்க. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல வண்டி போற அகலம், அந்த வழி எந்த எடத்துல தோட்டத்துக்குள்ள திரும்புது, உள்ள நொழையற கடவு எங்க இருக்குது, அங்கிருந்து மாடு எந்தப் பக்கம் போகும் மனுசன் எந்தப் பக்கம் போவான்னு ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க. ஸ்கேல் எல்லாம் வேண்டாம், கைக்கு வந்த மாதிரி. இந்தக் கிறுக்கல்தான் பின்னாடி ரொம்ப உதவும்.

அடுத்து வீட்ல இருக்கற பெரியவங்கள உக்கார வெச்சு பேட்டி எடுக்காதீங்க. உக்காந்தா கல்யாணக் கதையும் கோர்ட்டுக் கதையும்தான் வரும். கூட்டிட்டு நடங்க. "அப்பத்தா, காலைல எந்திரிச்சா மொதல்ல எங்க போவீங்க"ன்னு கேட்டு அவங்க பின்னாடியே போங்க, போன்ல ரெக்கார்டு ஓடட்டும். எங்க அப்பத்தா சாணி வழிக்கற எடத்துல இருந்து ஆரம்பிச்சு, எருக்குழி, தாழி, கிணத்துமேடு, தயிர் சிலுப்பற தூணு, அடுப்படின்னு ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. அந்தச் சுத்துல ஒரு எடத்துல நின்னு கால தட்டி "இதுக்கு அடில குழி இருக்குது சாமி, சோளம் கொட்டி வெப்போம்"னுச்சு. எந்தப் பத்திரத்துலயும் அது இல்ல. அதப்பத்தி கடைசில சொல்றேன்.

இப்ப கிணறு. கவலை ஓட்டின, அதாவது மாடு பூட்டித் தண்ணி எறைச்ச கிணறா இருந்தா மாடு எறங்கிப் போன சரிவு இன்னும் இருக்கும், மண்ணு மூடியிருந்தாலும் பள்ளமா தெரியும். அந்தச் சரிவோட நீளத்த கண்டிப்பா அளங்க. ஏன்னா மாடு எவ்ளோ தூரம் எறங்குதோ கிட்டத்தட்ட அவ்ளோ ஆழத்துல இருந்துதான் தண்ணி மொள்ளற சால் மேல வரும், அப்போ சரிவு 40 அடின்னா அத வெட்டின காலத்துல 40 அடிலயே தண்ணி கெடைச்சிருக்குதுன்னு கணக்கு. இப்போ கிணறு 100 அடி இருக்கலாம், அது பின்னாடி ஆழப்படுத்துனது. மேல உளி கொத்தின பாறை, கீழ வெடி வெச்சதுக்கு அரைக்குழாய் மாதிரி நெட்டுக்கு தொளை தழும்பு, அது எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தா எந்த மட்டத்துல இருந்து ஆழப்படுத்துனாங்கன்னு தெரிஞ்சிரும். 1932ல பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பிச்சப்புறம்தான் கோவை சுத்துல மோட்டாரு ஒண்ணொண்ணா வந்துச்சு, கிணத்தோரம் ஒரு சின்ன மோட்டார் ரூம் இருந்தா அது அதுக்கப்புறம் கட்டினது.

கிணத்து வாய்ல இருக்கற கல்ல தடவிப் பாருங்க. எங்களுதுல கயிறு அறுத்த பள்ளம் ஒண்ணு, சுண்டுவெரல் முழுசா உள்ள படுத்துக்கும், உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்குது. கிட்ட போயி ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, இந்த மாதிரி தேய்மானத்த யாரும் படத்துல வரைய மாட்டாங்க.

கட்டுத்தரைக்கு வருவோம். பாக்க வேண்டியது தரையோட வாட்டம், மூத்தரம் எந்தப் பக்கம் ஓடி எருக்குழிக்கு போகுதுங்கறது. அப்பறம் காடியோட, மாடு தீனி திங்கற தொட்டியோட உயரம். பசுவுக்கு, எருதுக்கு, கன்னுக்கு வேற வேற உயரம் இருக்கும், அத வெச்சே எத்தனை உருப்படி நின்னுச்சுன்னு எண்ணிடலாம். கட்டுக்கல்லுல தொளை இருந்தா ஒவ்வொண்ணுக்கும் எடைவெளி அளங்க. காங்கேயம் எருது எவ்ளோ அகலம்னு தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். மாடு கட்டுத்தரைல மட்டும் நிக்கல, பாதி நாள் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டுலதான், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமா வேலி போட்டு வெச்சிருப்பாங்களே அது. அங்க ஒரு தண்ணித்தொட்டி இருந்தா அதுவும் இந்த வீட்டோட கட்டடம்தான், மேப்புல சேத்துக்கங்க.

கதிரடிக்கற களத்துக்கும் தட்டுப்போருக்கும் காத்து முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடில மேக்கால இருந்து அடிக்கற காத்து இங்க எப்படின்னு தெரியும், அதனாலதானே இத்தனை காத்தாலை நட்டு வெச்சிருக்காங்க. தைல கெழக்கால இருந்து வரும். களம் ரெண்டுக்கும் தெறந்திருக்கணும், தானியம் தூத்தறதுக்கு. தட்டுப்போர் மட்டும் அடுப்படிப் புகை போற பக்கம் இருக்கக்கூடாது, ஒரு பொறி போதும். எங்க வீட்ல மேக்குச் சுவர்ல ஒரே ஒரு சின்ன சாளரம்தான், அதையும் பாதி கல்லு வெச்சு அடைச்சிருந்தாங்க. ஒரு திசைமானி ஆப் போட்டு வடக்க குறிச்சுட்டு எல்லா வாசலும் எந்தப் பக்கம் பாக்குதுன்னு எழுதுங்க.

அப்பறம் ஒண்ணு சொல்லியே ஆகணும். பண்ணயத்தாளுங்க குடிசை எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. கேட்டா வீட்ல கொஞ்சம் நெளிவாங்க, பரவால்ல கேளுங்க. அவங்க எந்த வழியா வந்தாங்க, எங்க நின்னு கூலி வாங்குனாங்க, எந்தத் தண்ணிய குடிச்சாங்க, எதுவரைக்கும் உள்ள விட்டாங்க. ஓலைக் குடிசைக்கு சுவடே இருக்காது, ஒரு அம்மிக்கல்லோ அடுப்புக்கல்லோ கெடந்தா அதிர்ஷ்டம். அதே மாதிரி பொம்பளைக மாசத்துக்கு மூணு நாள் ஒதுங்கி இருந்த கொட்டாய். இதையெல்லாம் விட்டுட்டு தேக்குத்தூண மட்டும் பதிவு பண்ணுனா அது கல்யாண மண்டப ஆல்பம்.

எந்த வருஷம் கட்டினதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரே வருஷம்னு கெடைக்காதுங்க, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொண்ணு. வாசல் நெலவுல வருஷம் செதுக்கியிருந்தா சந்தோசப்பட்டு அப்படியே எழுதிராதீங்க. சர்வதாரி வருஷம் தை மாசம்னு மட்டும் இருந்தா அது 1889 தையாவும் இருக்கலாம் 1949 தையாவும் இருக்கலாம், அறுவது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு வருதில்ல. எங்க பங்காளி ஒருத்தரு இதுல அறுவது வருஷம் கூட்டிப் பெருமை பேசிட்டு இருந்தாரு.

சீமை ஓடு, அதான் மங்களூர் ஓடு, ஒரு துப்பு. மங்களூர்ல பேசல் மிஷன்காரங்க ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சது 1865ல. மெட்ராஸ்ல இருந்து கோழிக்கோடு பக்கத்து பேப்பூர் போற ரயில் லைன் 1862லயே போத்தனூர் வழியா முடிஞ்சிருச்சு, அதுல ஏத்தித்தான் இந்தப் பக்கம் வர முடிஞ்சுது. ஓட்ட திருப்புனா அடில கம்பெனி பேரும் ஊர்பேரும் அச்சு இருக்கும், போட்டோ எடுங்க. ஆனா ஓடு சொல்றது ஓட்டோட வயச மட்டும்தான், சுவரு அதுக்கு முன்னாடி ஓலைக்கடியிலயோ நாட்டு ஓட்டுக்கடியிலயோ அம்பது வருஷம் நின்னிருக்கலாம். கூரை தாங்கற கைமரத்துல பழைய ஓலைக்கூரைக்கு கட்டின கயிறு தழும்போ, வேலையில்லாம சும்மா இருக்கற பழைய தொளையோ இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

மரத்துல வாச்சி (மரம் செதுக்கற கருவி) வெட்டு சின்னச் சின்ன குழியா இருந்தா கைவேலை, வட்டமா வில்லு மாதிரி கோடு ஓடுனா மில்லுல அறுத்தது. ஆணி சதுரமா தலை ஒழுங்கில்லாம இருந்தா கொல்லன் அடிச்சது, உருண்டை கம்பியாணி பின்னாடி வந்தது. சிமெண்ட் தரைய பாத்தா பத்தொம்பதாம் நூத்தாண்டுன்னு சொல்லவே சொல்லாதீங்க, மதுக்கரை சிமெண்ட் ஃபேக்டரியே 1934லதான் வந்துச்சு.

அளக்கறப்ப ஒவ்வொரு ரூமுக்கும் மூலைவிட்டம் ரெண்டையும் அளங்க, நாலு பக்கத்த மட்டும் அளந்தா பேப்பர்ல ரூம் மூடவே மூடாது, பழைய வீட்ல எந்த மூலையும் மட்டமா இருக்காது. அளவு பத்தரை அடி, பன்னண்டு அடின்னு வந்தா முழத்துல மாத்திப் பாருங்க, ஒன்றரை அடி ஒரு முழம், அப்போ ஏழு முழம், எட்டு முழம், கொத்தன் நெனைச்ச கணக்கு அதுதான். வீட்டுக்கு 1:50, தோட்டம் பூராத்துக்கும் 1:500 வெச்சா ஒரு ஷீட்ல அடங்கும். சர்வே ஆபீஸ்ல புல வரைபடம் வாங்குனா எல்லைக்கு நல்லது, பழைய படத்துல அளவு லிங்க்ஸ்ல இருக்கும், ஒரு லிங்க் 7.92 அங்குலம், 100 லிங்க் சேந்தா 66 அடி சங்கிலி. நான் அத மீட்டர்னு நெனைச்சு அரை நாள் வீணாக்குனேன்.

ரிப்பேர்னு வந்தா மொதல்ல கூரை, அப்பறம் தண்ணி வடியற வழி, அதுக்கப்புறம்தான் சுவரு. எங்களுதுல ஒரு மேஸ்திரி ஒரே வாரத்துல முடிச்சுத்தர்றேன்னு மண்சுவருக்கு சிமெண்ட் பூசிட்டாரு. பாக்க பளிச்சுன்னு இருந்துச்சு. மண்சுவரு ஈரத்த இழுக்கும் விடும், சிமெண்ட் அத வெளிய விடாது, ரெண்டாவது மழைக்கே பூச்சு பலகையா கழண்டு விழுந்து கூடவே நாலு அங்குலம் சுவரையும் எடுத்துட்டு போச்சு. சுண்ணாம்பு, மணல், கடுக்காத் தண்ணிதான் சரி, அதுக்கு ஆளு கெடைக்கறதுதான் கஷ்டம், செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்காங்க. கொட்டாய காப்பாத்தவே முடியாதுன்னா தரையவும் காடியவும் மட்டுமாவது விட்டு வைங்க, பிரிச்சு எடுக்கற ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்ட்ல நம்பர் போட்டு படத்துலயும் அதே நம்பர எழுதிருங்க. சென்னைக்குத் தெக்கால முட்டுக்காடு தட்சிணசித்ரா மியூசியத்துல பழைய வீடுகள பிரிச்சு கொண்டாந்து திருப்பி நிறுத்தியிருக்காங்க, ஒரு தடவை போய் பாத்தா தைரியம் வரும்.

அந்த சோளக்குழி. அப்பத்தா கால தட்டுன எடத்துல கடப்பாரைய மெதுவா தட்டுனா சத்தம் மாறுச்சு, ஒரு அடி மண்ண எடுத்தா வட்டமா பலகைக்கல்லு. தூக்குனதும் தம்பி எறங்கப் பாத்தான், நான் விடல. மூடிக் கெடந்த குழில காத்து செத்திருக்கும், தானியக்குழில எறங்கி மூச்சடைச்சு செத்தவங்க கதை ஊருக்கு ஊரு இருக்குது. கயித்துல விளக்க கட்டி எறக்குனோம், பாதிலயே அணைஞ்சிருச்சு. குச்சி விட்டு ஆழம் மட்டும் அளந்தோம், ஒம்பது அடி, வாய் ரெண்டடி. கல்ல திருப்பி மூடி, பசங்க விளையாடற எடமா இருக்குதேன்னு அதுக்கு மேல ஆட்டுக்கல்ல உருட்டி வெச்சிருக்கோம்.