குறும்பட ஷூட்டிங் சொதப்பினால் என்ன செய்வது?

ஷூட்டிங்குக்கு முதல் நாள் இரவு ஷாட் லிஸ்ட்டை, அதாவது எடுக்க வேண்டிய ஷாட்டுகளின் பட்டியலை எடுத்து, எது இல்லாவிட்டால் கதையே புரியாதோ அந்த ஷாட்டுகளை மட்டும் வட்டம் போடுங்கள். 40 ஷாட்டில் 30-க்கு வட்டம் விழுந்தால் நீங்கள் கறாராக இல்லை, திரும்பப் போடுங்கள். மறுநாள் எது கைவிட்டாலும் வட்டம் இல்லாதவற்றைத்தான் வெட்டப்போகிறீர்கள். அதை ஸ்பாட்டில் நின்று விவாதித்தால் வெளிச்சம் போய்விடும்.

அடிக்கடி நடப்பது, நடிகர் வராமல் போவது. இருவர் பேசும் காட்சி என்றால் பேக்கப் சொல்லி ஷூட்டிங்கைக் கலைத்துவிடாதீர்கள். வந்தவருடைய பக்கம் முழுவதையும் எடுத்துவிடுங்கள். கேமராவை ஒட்டி, வராதவரின் உயரத்தில் ஒருவரை நிறுத்தி வசனம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டுக்கு அதே மாதிரி சட்டை போட்ட நண்பரின் தோளும் பின்னந்தலையும் போதும். எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம், நடிகரிடமிருந்து எத்தனை அடி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எழுதிவைத்து, ஸ்பாட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வராதவரின் குளோசப்பை இன்னொரு நாள் அதே நிறச் சுவருக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் கோட்டைவிடுவது லுக், அதாவது நடிகர் பார்க்கும் திசை. முதலாமவர் கேமராவுக்கு இடப்பக்கம் பார்த்திருந்தால் இரண்டாமவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இருவரும் மூன்றாவது ஆள் யாரிடமோ பேசுவதுபோல் இருக்கும். எடிட்டிங்கில் இடவலமாகத் திருப்பிப் போடலாம்தான். ஆனால் சட்டைப் பாக்கெட்டும் தலை வகிடும் பக்கம் மாறிவிடும்.

மழை வந்தால் முதலில் துளி தெரிகிறதா என்று மானிட்டரில் பாருங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் விழாதவரை சிறு தூறல் கேமராவில் அவ்வளவாகத் தெரியாது. காட்டிக்கொடுப்பது நனைந்த சட்டையும் ஈரத் தரையும்தான். காட்சியை வீட்டுக்குள் மாற்றினால் ட்யூப்லைட்டைக் கவனியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 ஃப்ரேமில், ஷட்டரை 1/60 நொடி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மலிவான எல்இடி பல்புகள் சில அதற்கும் அடங்காது. அவற்றை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தால் இடம் முழுவதும் தெரியும் வைட் ஷாட்டுகளை முதலில் முடியுங்கள். ஒரு தெருவுக்கு லைட் போட உங்களால் முடியாது, ஒரு முகத்துக்கு முடியும்.

நல்ல டேக், ஆனால் பக்கத்து வீட்டு மிக்சி வசனத்தைக் கெடுத்துவிட்டதா? மிக்சி நின்றதும், நடிகர் அதே மூடில் இருக்கும்போதே, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து வசனத்தை மட்டும் 3 முறை பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். ஒரு மாதம் கழித்து ஹாஸ்டல் அறையில் செய்யும் டப்பிங்கில் அந்த மூச்சு வராது. கூடவே எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து அந்த அறையின் வெறும் சத்தத்தை 1 நிமிடம் எடுங்கள். அது இல்லாமல் வசனத்தை ஒட்டினால் வார்த்தைகளுக்கு நடுவே சத்தம் சட்டென்று அறுந்துபோகும். ஃபேனோடு ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். கிளம்பும்போது திரும்பப் போட மறக்கமாட்டீர்கள்.

மெமரி கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால், அதில் மேற்கொண்டு ஒரு ஷாட்கூட எடுக்காமல் உடனே கழற்றிவிடுங்கள். ஃபார்மட் பெரும்பாலும் ஃபைல்களின் பட்டியலைத்தான் அழிக்கும், ஃபைல் அடியில் கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பகுதியை மீட்க வாய்ப்புண்டு. மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.