உயர்த்திய வண்டிக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஜிம்னி, லேண்ட் குரூசர், ராங்லர் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்கள், அந்த வண்டி எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்ய உட்லண்ட்ஸ் கடற்பாலத்தையோ துவாஸ் பாலத்தையோ கடந்துதான் ஆக வேண்டும். ஜோகூரின் செம்பனைத் தோட்டச் சாலைகளுக்காக ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிறோம். அடுத்த வாரமே அடிப்பகுதியிலிருந்து ஓர் அதிர்வு கேட்கிறது. பட்டறைக்காரர், எஞ்சினின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் காட்டுகிறார், நாமும் அன்றிரவே இணையத்தில் புதிய ஷாஃப்ட் தேடத் தொடங்கிவிடுகிறோம். என் பார்வையில் முதல் தவறு இந்த அவசரந்தான். ஸ்பிரிங், சக்கரம், ஆக்சில் என்னும் சக்கர அச்சின் கோணம் எல்லாம் முடிவாகி, வண்டி தன் புதிய உயரத்தில் நிலைத்து நின்ற பிறகு கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பாகம் ஷாஃப்ட்.

காரணம் கோணத்தில் இருக்கிறது. ஷாஃப்டின் முனையில் இருக்கும் மூட்டான, பட்டறைப் பேச்சில் கிராஸ் எனப்படும் யூனிவர்சல் ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறைகிறது. வளைவு 10 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் சராசரியிலிருந்து ஏறக்குறைய 1.5 விழுக்காடு, 20 டிகிரி என்றால் 6 விழுக்காடு. கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்காகிறது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸ் இருக்கும் சாதாரண அமைப்பில், இரு கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்று உண்டாக்கும் தடுமாற்றத்தை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே கியர்பெட்டியின் விசையை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸின் வெளித்தண்டும், ஆக்சிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் பினியனும் (ஷாஃப்ட் இணையும் உள்தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தும்போது ஆக்சில் கீழே இறங்குவதோடு சற்றுத் திரும்பியும் விடுவதால் இந்தச் சமநிலை கெடுகிறது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த ஷாஃப்டைப் பொருத்தினாலும் அதே அதிர்வு திரும்பி வரும்.

‘டபுள் கார்டன் போட்டால் எல்லாம் தீரும்’ என்பது அடுத்த தவறு. டிரான்ஸ்பர் கேஸ் முனையில் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைக்கும் இந்த அமைப்பு, பெரிய கோணத்தைத் தனக்குள்ளேயே சமன்செய்துகொள்ளும். ஆனால் அதன் மறுமுனையில் இருப்பது ஒற்றைக் கிராஸ். அதைச் சமன்செய்ய இணை கிராஸ் எதுவும் இல்லாததால், பினியன் ஏறத்தாழ ஷாஃப்டின் நேர்க்கோட்டிலேயே பார்க்க வேண்டும். பின்பக்கத்தில், முடுக்கும்போது பினியன் மேலெழுவதைக் கணக்கில் கொண்டு, ஒன்று அல்லது இரண்டு டிகிரி தாழ்வாக வைப்பது வழக்கம். இணையாக அமைந்த பினியனை அப்படியே விட்டுவிட்டு டபுள் கார்டன் வாங்கியவர், பணம் கொடுத்துப் புதிய அதிர்வை வாங்கியவர்.

முன்பக்கத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. ஜிம்னி, 80 வரிசை லேண்ட் குரூசர் போன்ற, ரேடியஸ் ஆர்ம் என்னும் நீண்ட கைகள் முன் ஆக்சிலைத் தாங்கும் வண்டிகளை உயர்த்தினால், காஸ்டர் எனப்படும் ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு குறைந்து ஸ்டியரிங் நிலையற்றுப் போகும். அதை மீட்க ஆக்சிலைத் திருப்பினால் பினியன் தரையைப் பார்க்கும், கிராஸின் கோணம் மேலும் கூடும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிற இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று தீர்மானித்த பிறகுதான் முன் ஷாஃப்டைப் பற்றிப் பேச முடியும். பகுதிநேர நான்கு சக்கர இயக்க வண்டியில் சோதனை ஓட்டத்தை, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச் நிலையிலேயே முடித்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். அந்த நிலையில் முன் ஷாஃப்டுக்கு இழுக்கும் வேலையே இல்லை, ஜிம்னி போன்ற வண்டிகளில் அது சுழல்வதுகூட இல்லை. பிறகு எப்படிக் குறை தெரியும்?

நீளம் அளப்பதில்தான் நான் நேரடியாக அடிபட்டேன். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கியில் ஏற்றி, நான்கு சக்கரங்களும் தொங்க, ஷாஃப்டை முடுக்கும் இரு முனைத் தட்டுகளான ஃபிளாஞ்சுகளுக்கு இடையே டேப்பை வைத்து அளந்து, அந்த அளவையே வெளிநாட்டுக்கு அனுப்பினோம். ஆக்சில் தொங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தொலைவு கூடிவிடும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. வந்த ஷாஃப்ட் தூக்கியில் அழகாகப் பொருந்தியது. வண்டி தரையில் இறங்கியதும் ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் ஸ்லிப் ஜாயிண்டில் இருக்க வேண்டிய இடைவெளி முழுவதும் தீர்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டங்’ என்று டிரான்ஸ்பர் கேஸை முட்டியது. சில வாரங்களில் ஆயில் சீல் கசிந்தது. ஜோகூரில் அதைப் பார்த்த ஒரு மூத்த மெக்கானிக், “தம்பி, வண்டி தரையில நிக்கட்டும், அப்புறம் டேப்பை எடு” என்று மட்டும் சொன்னார்.

அளவெடுக்கும் நாளில் புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டராவது ஓடி அமர்ந்திருக்க வேண்டும், எரிபொருளும் வழக்கமான சுமையும் வண்டியில் இருக்க வேண்டும். நிற்கும் நிலை நீளத்தோடு, ஆக்சில் முழுதாகத் தொங்கும் நிலை, முழுதாக அமுங்கும் நிலை ஆகிய இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தொங்கும் நிலையில், ஸ்லிப் ஜாயிண்டின் பல்வரிசையான ஸ்ப்ளைன் கழன்றுவிடும் அளவுக்கு வெளியே வரக்கூடாது, அமுங்கும் நிலையில் முட்டக்கூடாது. புதிய ஷாஃப்டை மாட்டியதும் ஆக்சிலைத் தொங்கவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கை தடுக்கினாலோ, கிராஸைப் பிடித்திருக்கும் கவையான யோக்கின் உள்விளிம்பில் பிறை வடிவில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தாலோ, அங்கே இரும்போடு இரும்பு உரசுகிறது. அந்த ஷாஃப்ட் காட்டுப் பாதையில் உடைவதற்கென்றே காத்திருக்கிறது.

2007 முதல் 2018 வரை வந்த ஜேகே ராங்லரில் சிக்கலின் முகம் வேறு. அதன் தொழிற்சாலை ஷாஃப்டில் கிராஸுக்குப் பதிலாக, வளைந்தாலும் வேகம் மாறாமல் சுழலும், ரப்பர் உறை போர்த்திய சிவி ஜாயிண்ட் இருப்பதால், உயர்த்திய பின் அந்த உறை கிழிந்து, தரைத்தகட்டின் அடியில் கிரீஸ் ஒரே கோடாகத் தெறித்திருக்கும். உறையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு.

சிங்கப்பூர் விரைவுச்சாலையில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பது நம் ஊருக்கே உரிய தவறு. இங்கே உச்ச வேகவரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. 195/80ஆர்15 சக்கரமும் 4.1 என்ற டிஃபரன்ஷியல் பல்விகிதமும் உள்ள வண்டியில் ஷாஃப்ட் 90-இல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றும், 110-இல் 3,450 சுற்றும் சுழலும். சமன் இல்லாத எடையின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 90-இல் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. மேலும் ஷாஃப்ட் நீளமும் மெலிவும் கூடக்கூட, அது கயிறுபோல் துள்ளத் தொடங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். எனவே நீளத்தைக் கூட்டும்போது குழாயின் விட்டத்தைப் பற்றியும் கேளுங்கள், சமன்செய்யப்பட்டதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

‘பெரிய கிராஸ் நல்லது’ என்று 1310 என்ற கிராஸ் அளவுக்குப் பதில் 1350 அளவை வாங்குவோர், எதிரிலுள்ள ஃபிளாஞ்சும் மாற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1310-இன் முனைகளில் உள்ள பேரிங் மூடியின் விட்டம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர், 1350-இன் மூடி 30 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் உள்ள கிராஸ் துளையிடப்பட்டிருப்பதால் சற்றே வலுக்குறைந்தது. ஆனாலும் ஆற்றைக் கடந்து செம்மண் சேற்றோடு திரும்புபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஏனெனில் புதிய கிரீஸ் உள்ளே போனால் பழைய நீர் வெளியே வரும். டபுள் கார்டனின் நடுவிலுள்ள பந்துக்கும் கிரீஸ் வேண்டும். அதற்கு ஊசிமுனைக் குழல் தேவைப்படுவதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. ஸ்லிப் ஜாயிண்டைப் பிரிப்பதற்கு முன் இரு பாதியின்மீதும் ஒரே கோடாகப் பெயிண்ட் தடவிக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் இரு யோக்குகளின் வரிசை குலைந்து, நல்ல ஷாஃப்டும் ஆடும்.

கடைசியாக, சட்டம். வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதி தேவையற்றவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை என மூவகையாகப் பிரித்திருக்கிறது. உங்கள் வண்டியின் உயரம் இவற்றில் எதில் சேரும் என்பதை ஷாஃப்ட் வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டுவரை கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. ஏற்கப்படாத உயரத்துக்கென வெட்டிய ஷாஃப்ட், வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கியதும் நீளமாகிப்போய் முன்னே நான் சொன்னதுபோல் முட்டத் தொடங்கும், அளவுக்கு வெட்டிய பொருளை எந்த விற்பனையாளரும் திரும்ப எடுப்பதும் இல்லை. அதனால் கழற்றிய பழைய ஷாஃப்டைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல், முனைகளைத் துணியால் கட்டி, கிரீஸ் தடவி, வீட்டின் பொருள் அறையில் ஓரமாகச் சாத்தி வையுங்கள்.