யெஸ்டி ட்யூனிங்: பாயின்ட்டுக்குப் பிறகுதான் ஜெட்

வண்டி இழுக்கவில்லை, மிஸ் அடிக்கிறது, பெட்ரோல் குடிக்கிறது என்றால் பலருக்கும் கை முதலில் போவது கார்பரேட்டருக்குத்தான். ஸ்க்ரூவை இப்படித் திருப்பிப் பார்ப்பது, அப்படித் திருப்பிப் பார்ப்பது, ஒன்றும் ஆகாவிட்டால் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) மாற்றுவது. பழைய டூ-ஸ்ட்ரோக்கில் இந்த வரிசையே தப்பு. டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், தள்ளிப்போன வண்டிக்கு எந்த ஜெட் போட்டாலும் சரியாகாது. ஸ்பார்க்கைத் தூண்டும் சுவிட்சான பாயின்ட் செய்த குற்றத்துக்குக் கார்பரேட்டர் அடி வாங்கும். முதலில் காற்றுக் கசிவு, அடுத்து டைமிங், கடைசியில் ஜெட்.

இங்கே சொல்வது மைசூர் ஐடியல் ஜாவாவின் 250 சிசி ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு. அந்த ஆலை 1996-இல் மூடிவிட்டது, வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பாயின்ட், 6 வோல்ட் பேட்டரி, காயில் உள்ள மாடல்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் டைமிங் பகுதியைத் தாண்டிவிடலாம். அதில் சிடிஐ என்ற மின்னணு ஸ்பார்க் அமைப்பு, பாயின்ட் கிடையாது.

தொடங்கும் முன்

ஏர் ஃபில்டர் சுத்தமாக, அதன் இடத்தில் இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவைத்து ட்யூன் செய்தால், திரும்ப மாட்டியதும் எல்லாம் மாறிவிடும். சைலன்சர் இரண்டிலும் கரி அடைத்திருக்கக் கூடாது, உள் குழாய் இருக்க வேண்டும். சத்தத்துக்காக அதைப் பிடுங்கி எறிந்தவர்கள் நிறையப் பேர். கேட்க ஜோராகத்தான் இருக்கும், ஆனால் அந்த வண்டியில் ஜெட்டிங் கணக்கு எதுவும் நிலையாக நிற்காது.

ஆயில் கலவையும் முக்கியம். லிட்டருக்கு 40 மி.லி. என்றால் எப்போதும் 40 மி.லி.தான். பாதுகாப்புக்கு என்று ஆயிலைக் கூட ஊற்றினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. புகை அதிகம், அதனால் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று நினைப்பது இங்கேதான் ஏமாற்றும்.

இப்போது கசிவு. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் உடனே இறங்காமல் தொங்கினால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. கார்பரேட்டர் ஃபிளாஞ்ச் கேஸ்கட்டைப் பாருங்கள். நட்டை அதிகமாக முறுக்கியதில் ஃபிளாஞ்சே வளைந்திருப்பது சகஜம். அடுத்த சந்தேகம் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஆயில் சீல்கள். டைனமோ பக்கத்துச் சீல் போனால் காற்றை இழுக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இழுக்கும்: புகை கொட்டும், கியர் பாக்ஸ் ஆயில் மட்டம் தானாகக் குறையும். சீல் போயிருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள். மேற்கொண்டு செய்வது அதுவரை வீண்.

டைமிங்

வலது பக்க மூடியைக் கழற்றினால் டைனமோ, அதன் முகத்தில் பாயின்ட். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போடுங்கள். இனி பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால் கிராங்க் முன்னும் பின்னும் திரும்பும். ரோட்டர் போல்ட்டில் ஸ்பானர் போட்டுப் பின்னோக்கித் திருப்பாதீர்கள், போல்ட் கழன்றுகொள்ளும்.

பாயின்ட் முகங்களை மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட காகிதத்தால் துடையுங்கள். முகத்தில் குழியும் மேடும் விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிது போடுங்கள். கேம் பாயின்ட்டை அதிகபட்சம் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் இடைவெளி 0.4 மி.மீ. வையுங்கள். கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இதை முதலில் செய்யக் காரணம், இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங்கும் கூடவே நகரும். டைமிங்கை வைத்துவிட்டு அப்புறம் இடைவெளியைத் தொட்டால் திரும்ப ஆரம்பத்திலிருந்து வர வேண்டியதுதான்.

பிளக் ஓட்டையில், பிஸ்டன் நகர்வை அளக்கும் டயல் கேஜைப் பொருத்துங்கள். குச்சியும் ஸ்கேலும் வைத்துச் செய்பவர்கள் உண்டு. ஓட்டை சாய்வாக இருந்தால் அந்த அளவு பொய் சொல்லும், ஹெட்டைக் கழற்றி அளப்பதே மேல். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் கேஜைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

ஒரு 6 வோல்ட் மீட்டர் பல்பை எடுத்து, ஒரு ஒயரைப் பாயின்ட் டெர்மினலிலும் மற்றதை இன்ஜினிலும் மாட்டுங்கள். கழற்றிய பிளக்கைக் கேப்போடு, ஓட்டையிலிருந்து தள்ளி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். அதுதான் ஸ்பார்க் விழும் கணம்.

சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டிப் பிஸ்டனை 5 மி.மீ. வரை இறக்குங்கள். பிறகு முன்னோக்கி மெல்ல உருட்டி மேலே கொண்டுவாருங்கள். செயின் லூஸ் எல்லாம் ஒரே பக்கமாகப் போய்விடும். உச்சிக்குச் சுமார் 3 மி.மீ. இருக்கும்போது பல்பு எரிய வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. 4-இலேயே எரிந்தால் டைமிங் அட்வான்ஸ்: பாயின்ட் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் நகர்த்துங்கள். 2-க்கு வந்துதான் எரிகிறது என்றால் ரிட்டார்ட்: எதிர்த்திசையில் நகர்த்துங்கள். திருகை இறுக்கும்போதே தட்டு ஒரு மயிரிழை நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். சாவியைப் போட்டபடி விட்டுவிடாதீர்கள், பாயின்ட் மூடிய நிலையில் காயில் சூடேறும்.

அட்வான்ஸ் அதிகமானால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் இன்ஜின் தட்டும், விட்டுவைத்தால் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். ரிட்டார்ட் ஆனால் இழுவை செத்து, சைலன்சர் வளைவு கொதிக்கும். இரண்டும் கார்பரேட்டர் கோளாறு போலவேதான் தெரியும்.

கார்பரேட்டர்

பழைய வண்டிகளில் ஜிகோவ் கார்பரேட்டர், பிற்பாடு மிகார்ப். எதுவானாலும் கணக்கு ஒன்று: எந்தப் பாகம் வேலை செய்கிறது என்பதை முடிவு செய்வது ஆர்பிஎம் அல்ல, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி மூடல், கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

முழுத் திறப்பு, அதாவது மெயின் ஜெட், முதலில். கொஞ்சம் பெரிய எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். ரிச் என்றால் வண்டி படபடத்துப் புகைவிடும், அவ்வளவுதான். லீன் என்றால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், ஆளில்லாத நேரான சாலையில், புது பிளக்கோடு மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டுங்கள். பிறகு கிளட்சைப் பிடித்து அதே நொடியில் சாவியை நிறுத்தி உருண்டு நில்லுங்கள். ஐடிலிங்கில் வீட்டுக்கு வந்து பிளக்கைப் பார்த்தால் அது ஐடிலிங்கின் நிறத்தைத்தான் காட்டும். பீங்கான் அடியில் ஓடும் வளையம் பழுப்பாக இருந்தால் சரி. ஈரக் கறுப்பு என்றால் ஒரு படி சிறிய ஜெட்டுக்குப் போங்கள். வெள்ளை என்றால் மேற்கொண்டு ஓட்டாமல் பெரிய ஜெட்டுக்குப் போங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கலவையை லீன் பக்கம் தள்ளும். முன்பு பொருந்திய ஜெட் இப்போது சிறிதாகத் தோன்றினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கால் திறப்பிலிருந்து முக்கால் வரை நீடில், அதாவது ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி. கிளிப்பை மேல் வெட்டுக்கு ஏற்றினால் நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ் வெட்டுக்கு இறக்கினால் கூடும். முதல் முறை செய்பவர்கள் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

ஐடிலிங் கடைசி. ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். சூடான இன்ஜினில் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆர்பிஎம் உச்சத்துக்கு ஏறும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஸ்லைடு ஸ்க்ரூவால் ஐடிலிங்கை இறக்குங்கள். அந்த உச்சம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்தால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் சிறிது, இரண்டரையைத் தாண்டினால் பெரிது.

மேட்டுப்பாளையத்தில் அருமையாக ஓடிய வண்டி ஊட்டியில் மூக்கடைத்து நின்றால் பயப்பட வேண்டாம். 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிது, அதே ஜெட் அங்கே ரிச். அங்கேயே சுற்றப்போகிறீர்கள் என்றால் கிளிப்பை ஒரு வெட்டு ஏற்றுங்கள். ஆனால் கீழே இறங்கும் முன் அதைப் பழைய இடத்தில் போட்டுவிடுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இன்ஜின் பிரேக்கில் வராதீர்கள். பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்குங்கள்.